சதுப்பு தின்னாத உடல்கள்

செத்த உடலை மண் தின்றுவிடும் என்பதில் நம் ஊர்ப்பக்கம் யாருக்கும் ஐயம் இல்லை. பழனி மலையின் கிழக்குச் சரிவு இறங்கி வந்து சமவெளியாகும் இடத்தில், திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் இருக்கிறது சித்தையன்கோட்டை. அந்தப் பக்கத்து இடுகாட்டில் பழைய குழி ஒன்றை மறுபடி தோண்ட நேர்ந்தால் எலும்பும் பல்லும் கிடைக்கலாம். தோலையோ முகத்தையோ யாரும் எதிர்பார்ப்பதில்லை. வெக்கை, கறையான், மழைக்கு நனைந்து கோடைக்குக் காயும் மண் எல்லாம் சேர்ந்து சில வருஷங்களில் வேலையை முடித்துவிடும்.

1950 மே மாதம் டென்மார்க்கில் சில்க்கெபோர் ஊருக்கு அருகே, அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டியவர்கள் ஒரு மனிதனைக் கண்டார்கள். மூடிய கண்கள், முகத்தில் மழிக்காத முள்தாடி, தலையில் தோல் தொப்பி, கழுத்தில் தோலால் பின்னிய சுருக்குக் கயிறு. அண்மையில் நடந்த கொலை என்று எண்ணிக் காவல்துறைக்குச் சொல்லி அனுப்பினார்கள். கரிமக் காலக்கணிப்பு அவனைக் கி.மு. 405–380 வாக்கில் வைக்கிறது. டோலுண்ட் மனிதன் என்று பெயர் பெற்ற அவன் குடலில் கடைசியாகக் குடித்த பார்லிக் கஞ்சியும் இருந்தது. அதில் ஆளிவிதை கலந்திருந்ததைப் பழைய ஆய்வே சொன்னது. 2021இல் வெளியான மறு ஆய்வு மீனின் தடயத்தையும் சேர்த்தது.

ஒரு மண் சில வருஷங்களில் கரைப்பதை இன்னொரு மண் 2,400 வருஷம் எப்படி வைத்திருக்கிறது? இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றில் முழுப் பொய் என்று ஒதுக்கத்தக்கவை சிலவே. ஆனால் பெரும்பாலான விடைகள் ஏதேனும் ஒற்றைக் காரணத்தைத் தேடின. அவை சறுக்கிய இடமும் அதுதான் என்று தோன்றுகிறது.

எந்தச் சதுப்பு

சதுப்பு என்றதும் பிச்சாவரமோ பள்ளிக்கரணையோ நினைவுக்கு வந்தால் வழி தவறிவிடும். அவை வெளியிலிருந்து வரும் நீர் சத்துக் கொண்டுவந்து சேர்க்கும் இடங்கள். எதுவும் விரைவில் அழுகும். இங்கே பேச்சு வடமேற்கு ஐரோப்பாவின் மேட்டுச் சதுப்பு பற்றியது. அதற்கு மழைநீர் தவிர வேறு நீர்வரத்து கிடையாது. ஸ்பேக்னம் என்னும் பாசி அதில் மெத்தையாக வளர்கிறது. பாசியின் தலை வளர வளர அடிப்பகுதி செத்து, முழுதாக மட்காமல் படிகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேரும் பழுப்புக் கரிமண்ணுக்குத்தான் பீட் என்று பெயர். தன் எடையைப் போல் 20 மடங்கு வரை நீரை உறிஞ்சி வைக்கும் இந்தப் பாசியை முதல் உலகப் போரில் காயங்களுக்குப் பஞ்சுக்குப் பதிலாக வைத்துக் கட்டினார்கள். அதன் கிருமித்தடுப்பு ஆற்றல் பற்றிய நம்பிக்கை ஆய்வுக்கூடத்துக்கு வருமுன்பே புழக்கத்தில் இருந்தது.

புனிதம், சாபம், சட்டம்

முதல் விடைகள் உடல் ஏன் கெடவில்லை என்பதை விட்டுவிட்டு, அது யாருடையது என்று கேட்டன. 1835இல் டென்மார்க்கின் ஹரல்ட்ஸ்கேர் சதுப்பில் கிடைத்த பெண்ணுடலை, பழங்கதையில் சதுப்பில் மூழ்கடிக்கப்பட்டதாக வரும் குன்ஹில்ட் அரசி என்றே கொண்டார்கள். அரச மரியாதையோடு கருவாலிப் பெட்டியில் வைத்தார்கள். வோர்சே என்ற இளம் தொல்லியலாளர் மறுத்தார். அவர் பக்கமே சரி என்பது 1977இல் கரிமக் கணிப்பு வந்தபோது தெரிந்தது: அந்தப் பெண் குன்ஹில்டுக்கு ஏறத்தாழ 1,500 ஆண்டு மூத்தவள்.

கோழைகளையும் மானங்கெட்டவர்களையும் ஜெர்மானியர் சேற்றில் அமிழ்த்தினார்கள் என்று ரோம எழுத்தாளர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த ஒரு குறிப்பை வைத்துப் பல உடல்களுக்குக் கதை கட்டப்பட்டது. 1952இல் வடஜெர்மனியின் விண்டெபியில் கிடைத்த இளம் உடலை, தலைமுடி ஒரு பக்கம் இல்லாததால், கற்பு தவறியதற்காக மொட்டையடித்துக் கொல்லப்பட்ட சிறுமி என்றார்கள். பின்னாளைய ஆய்வு அது சுமார் 16 வயதுப் பையன் என்று காட்டியது. முடி இல்லாததற்கு மழிப்புக் கத்தியைவிட மண்ணும் மண்வெட்டியுமே காரணமாக இருக்கலாம். இந்த வகை விடைகளின் குறை இதுதான்: உடலை வைத்திருந்த மண் அதை மாற்றியும் இருக்கிறது என்பதை அவை கணக்கில் கொள்ளவில்லை.

நம்மிடமும் இதற்கு இணையான மரபு உண்டு. சமாதிக் குழியை எப்படித் தோண்டி எவற்றை இட்டு நிரப்புவது என்பதற்குத் திருமந்திரத்தில் தனி அதிகாரமே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் உடையவர் ராமானுஜரின் திருமேனிக்கு ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துகிறார்கள். அவை பக்தியும் பராமரிப்பும் சேர்ந்த வேறு உலகம். மனிதக் கை எதுவும் செய்யாமலே ஒரு குட்டைச் சேறு எப்படி இதைச் செய்கிறது என்பதே இங்கே கேள்வி.

தோல் ஷாப் விளக்கம்

அறிவியல் பாங்கான முதல் விடை பதனிடுதல். அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1780 வாக்கில் கிடைத்த ஓர் உடலைப் பற்றி மொய்ரா சீமாட்டி எழுதிய அறிக்கை 1785இல் அச்சானது. சதுப்புடல் பற்றிய முதல் முறையான பதிவாக அதைச் சொல்வார்கள். அந்தக் காலம் தொட்டு, சதுப்பு நீரின் தேநீர் நிறத்தையும் உடலின் கருந்தோலையும் பார்த்தவர்களுக்குத் தோல் பதனிடும் தொட்டியே நினைவுக்கு வந்திருக்கிறது.

திண்டுக்கல்காரர்களுக்கு இந்த விளக்கம் உடனே பிடிபடும். பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் பரம்பரையாக நடந்த வேலை இது. உப்பிட்ட பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிரைக் கழற்றி, உள்பக்கச் சதையைச் செதுக்கி எடுத்து, பிறகுதான் ஆவாரம் பட்டைச் சாற்றில் இறக்குவார்கள். முதலில் நீர்த்த சாறு, வர வரக் கெட்டியான சாறு. கடைசியில் கடுக்காய். ஆவாரம் பட்டையில் உள்ள டானின் தோலின் கொலாஜன் இழைகளோடு பிணைந்துகொள்ள, கிருமிகளின் நொதிகளுக்கு அந்த இழைகள் எட்டாமல் போகின்றன. கிழக்கிந்தியத் தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது இந்த முறைதான்.

இதே வேலையைச் சதுப்பு செய்கிறது என்பதில்தான் சிக்கல். முதலாவது, ஸ்பேக்னம் பாசியில் உண்மையான டானின் மிகக் குறைவு. இரண்டாவது, தோல் ஷாப்பில் மயிரையும் சதையையும் எடுத்த பிறகே சாறு உள்ளே இறங்குகிறது. சதுப்பில் விழும் உடல் முழு உடல். குடலுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. சாறு வெளியிலிருந்து ஊறி உள்ளே வருவதற்குள் அவை உள்ளிருந்து அழிக்கத் தொடங்கிவிடும். அப்படியிருந்தும் டோலுண்ட் மனிதனுக்கு உள்ளுறுப்புகள் மிஞ்சின. மூன்றாவது சான்று அருங்காட்சியகத்திலிருந்து வருகிறது. 1952இல் கிடைத்த கிராபல்லே மனிதனைக் காப்பாற்ற, அவனைக் கருவாலிப் பட்டைக் கரைசலில் ஒன்றரை ஆண்டு போல் ஊறவைத்தார்கள். சதுப்பு தொடங்கியதை முடித்துவைத்ததாகவே அந்த வேலையைச் சொன்னார்கள். இரண்டாயிரம் ஆண்டு ஊறியும் பதனிடுதல் முடியவில்லை என்றால், அதுவரை உடலைக் காத்தது பதனிடுதல் மட்டுமாக இருக்க முடியாது. டோலுண்ட் மனிதனுக்கு அன்று தலையை மட்டுமே முறையாகப் பதப்படுத்தினார்கள். உடல் வறண்டு சிதைந்தது. அருங்காட்சியகத்தில் இன்று தலைக்குக் கீழே காண்பதில் பெரும்பகுதி பின்னாளில் செய்து சேர்த்தது.

குளிரும் மூச்சடைப்பும்

இரண்டாவது அணி இயற்பியல் பக்கம் சாய்ந்தது. நீர் தேங்கிய பீட்டில் மேலடுக்குக்குக் கீழே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. காற்று வேண்டும் கிருமிகளும் புழுக்களும் அங்கே வாழா. உடல் விழுந்த காலத்தில் நீரின் வெப்பம் 4 டிகிரிக்குக் கீழே, அதாவது குளிர்காலத்திலோ இளவேனில் தொடக்கத்திலோ இருந்தால், குடல் கிருமிகளும் முடங்கிவிடும். அந்த இடைவெளியில் சதுப்பு நீர் உடலுக்குள் ஊறிவிடும். டென்மார்க் ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்பது இந்த வாதத்தை. முழுமையாகக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் இடப்பட்டவை என்பதற்குக் குடலில் புதுக் காய்கறி, கீரை, பழம் இல்லாததை ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். குளிர்காலத்துக்காகச் சேமித்த தானியத்தை எந்த மாதத்திலும் உண்ணலாம் என்பதால் அந்த ஆதாரத்தை அளவோடுதான் ஏற்க வேண்டும்.

ஆக்சிஜன் இல்லாமை மட்டும் போதாது என்பதற்கு நம் கிணறுகளே சாட்சி. ஆக்சிஜன் இல்லாத ஈரத்தில் உடல் கொழுப்பு மெழுகு போன்ற வெண்பொருளாக மாறுவதைத் தடயவியல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். வெப்ப நாடுகளில் அது சில வாரங்களிலேயே நடந்துவிடும். அந்த மெழுகு உருவத்தை ஓரளவு காக்கும். தோலின் ரேகையையும் குடலின் கஞ்சியையும் காக்காது. கிராபல்லே மனிதனின் விரல் ரேகையைக் காவல்துறையினர் பதிவெடுக்கும் அளவுக்குத் தோல் நன்றாக இருந்தது.

பாசியின் வேதியியல்

1991இல் நார்வேயில் பணியாற்றிய வேதியியலாளர் டெரன்ஸ் பெயின்டர் புதிய திசை காட்டினார். பாசியின் செல் சுவரிலிருந்து பீட்டுக்குள் மெல்லக் கசியும் ஒரு பலசர்க்கரைப் பொருளே முக்கியம் என்றார். ஸ்பேக்னன் என்று அதற்குப் பெயர். அதிலுள்ள வினையாற்றும் தொகுதிகள் கொலாஜனோடு பிணைந்து தோலைப் பழுப்பாக்குகின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வகை வினையால்தான். கூடவே கிருமிகளுக்கு வேண்டிய நைட்ரஜனையும் கால்சியம், இரும்பு போன்ற உலோக அயனிகளையும் அது கட்டிப்போட்டுப் பட்டினி போடுகிறது. டானின் இல்லாமலே பதனிடுதல் எப்படி நடக்கிறது என்ற ஓட்டையை இந்தக் கருத்து அழகாக அடைத்தது. அதனாலேயே பல ஆண்டுகள் பாடப்புத்தக விடையாக நின்றது.

நார்வேயிலேயே நடந்த மறு ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தளர்த்தின. 2007இல் வெளியான ஆய்வு, பெயின்டர் முக்கியமாகக் கருதிய சர்க்கரைக் கூறு பாசியில் இருப்பதற்கே சான்று காணவில்லை. ஸ்பேக்னன் பெக்டினை ஒத்த பொருள் என்றது. 2009இல் இன்னொன்று, அதன் கிருமித்தடுப்பு ஆற்றலுக்குச் சுற்றுப்புறத்தை அமிலமாக்குவதே போதிய விளக்கம் என்று முடித்தது. அப்படியானால் புதிர் மறுபடி எளிய அமிலத்துக்கு வந்து நிற்கிறதா? மேட்டுச் சதுப்பின் பிஎச் 3.5க்கும் 4.5க்கும் இடையே, ஏறக்குறைய மோர் புளிக்கும் அளவு. ஆனால் புளித்த மோரில் இறைச்சி 2,000 ஆண்டு இருக்காது.

இதற்கிடையே உடல்களைப் பற்றிப் பேசாத ஓர் ஆய்வு இந்த விவாதத்துக்கும் வெளிச்சம் தந்தது. வேல்ஸின் கிறிஸ் ஃப்ரீமனும் துணைவர்களும் 2001இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: பீட் மட்காமல் இருப்பதற்கு ஒரே ஒரு நொதி செயலற்றுப்போவது தாழ்ப்பாள் போல் வேலை செய்கிறது. பீனால் ஆக்சிடேஸ் என்ற அந்த நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாதபோது பீனால் வகைப் பொருள்கள் உடையாமல் சேர்ந்து, மற்ற அழுகல் நொதிகளையும் முடக்கிவிடுகின்றன. குளிர், மூச்சடைப்பு, வேதியியல் என்று மூன்று கட்சியாக நின்றவர்களை ஒரே சங்கிலியில் கோர்க்கும் கருத்து இது. தாவரக் கழிவுக்குச் சரி. மாமிசத்துக்கும் அப்படியே பொருந்துமா என்பது தனியாக நிறுவப்பட வேண்டியது. பன்றிக்குட்டிகளைச் சதுப்பில் புதைத்துப் பார்த்த சோதனைகள் நடந்திருக்கின்றன. மனித வாழ்நாளுக்குள் அடங்கும் சோதனை 2,000 ஆண்டு மாற்றத்தில் தொடக்கத்தை மட்டுமே காட்ட முடியும்.

தோல் மிஞ்சினால் எலும்பு கரையும்

இந்த விவாதங்களில் அடிக்கடி நழுவிப்போகும் விஷயம் ஒன்று உண்டு. சதுப்பு உடலைக் காப்பதில்லை; உடலின் சில பகுதிகளைக் காக்கிறது. அமிலம் எலும்பின் கால்சியத்தைக் கரைத்துவிடுவதால் பல உடல்களில் எலும்பு மெலிந்து வளைந்திருக்கும், சிலவற்றில் எலும்பே இருக்காது. கம்பளியும் தோலும் மிஞ்சும்; ஆளிநார் துணி கரைந்துவிடும். அம்மணமாகக் கிடைத்த பலர் உடுத்தியே இறந்திருக்கலாம். மரபணுவும் பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது.

நேர் எதிர் உதாரணம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கிறது. 1982இல் விண்டோவர் என்ற இடத்தில் சாலை போடத் தோண்டிய குட்டையின் பீட்டில் மனித எலும்புகள் கிடைத்தன. மொத்தம் 168 பேர். காலம் ஏறத்தாழ 7,000 முதல் 8,000 ஆண்டுகளுக்கு முன். அந்த நீரில் அமிலம் இல்லை. அதனால் தோல் முழுக்கப் போய்விட்டது, எலும்பு அருமையாக இருந்தது. 91 மண்டையோடுகளுக்குள் சுருங்கிய மூளையும் இருந்தது. குளிர் நாடும் அல்ல, ஸ்பேக்னம் சதுப்பும் அல்ல. ஒற்றைக் காரண விடைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குட்டை ஒரு தொல்லை.

நம் மண்ணில் மிஞ்சியவை

தமிழ்நாட்டில் பீட் இல்லாமல் இல்லை. உதகைக்கு அருகே சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கில் சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே அது படிந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் துணைவர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பீட்டின் கரிம ஐசோடோப்புகளைக் கொண்டு கடந்த 20,000 ஆண்டுகளின் ஈர, வறட்சி மாற்றங்களைப் படித்தது. புல்லின் கரிமம் அத்தனை காலம் அழியாமல் இருந்த இடத்தில் மனித உடல் கிடைக்காதது ஏன்? இந்தப் பீட் பெரும்பாலும் புல்லும் கோரையும் மட்கியது. நீலகிரியில் மார்கழியில் உறைபனி விழுந்தாலும் தரைநீர் மாதக்கணக்கில் 4 டிகிரிக்குக் கீழே இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், மேற்கு ஐரோப்பாவில் விறகுக்குப் பதிலாக நூற்றாண்டுக் கணக்கில் பீட்டை வெட்டியதால்தான் உடல்கள் வெளிப்பட்டன. இங்கே அந்த அளவு யாரும் வெட்டவில்லை. கிடைக்கவில்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்வதற்கில்லை.

கேரளத்தின் குட்டநாட்டுக் கரி நிலங்கள் இன்னொரு சோதனைக் களம். கடும் அமிலம், கரிய மண், அடியில் அழியாமல் கிடக்கும் பழங்கால மரக்கட்டைகள். அதே கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் 2007இல் அகழ்ந்தபோது நீர் ஊறிய அடுக்கில் ஆஞ்சிலி மரத்தில் குடைந்த ஒரு தோணி கிடைத்தது, சுமார் 2,000 ஆண்டு பழையது. நீரும் மூச்சடைப்பும் இருந்தால் வெக்கை நாட்டிலும் மரம் நிலைக்கிறது. மாமிசம் நிலைக்கக் கூடுதலாக ஏதோ வேண்டியிருக்கிறது. குளிர் அந்தப் பட்டியலில் முதலில் வரும். 5,000 மீட்டர் உயரத்து ரூப்குண்ட் ஏரிக்கரை எலும்புகளில் சிலவற்றில் சதை ஒட்டியிருந்ததும், ஸ்பிதியின் கியூ கிராமத்தில் 1975 நிலநடுக்கத்துக்குப் பின் வெளிப்பட்ட துறவியின் அமர்ந்த உடலும் குளிரின் பக்கம் சாட்சி சொல்கின்றன. கியூவில் வறட்சியும் சேர்ந்தது.

திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே மிஞ்சுதலின் விசித்திரம் தெரிகிறது. பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றுக்குள் நான்கு கால் கொண்ட ஜாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அதன் கரிமக் கணிப்பு கி.மு. 490. யாருக்காக வைத்த நெல்லோ, அவருடைய தோலும் சதையும் போய்விட்டன. உமியில் நிறைந்த சிலிகாவும் மூடிய ஜாடியும் கல்லறையின் வறண்ட உட்புறமும் சேர்ந்து காத்திருக்கலாம். ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர், 1899 முதல் அலெக்சாண்டர் ரே, 2004இல் இந்தியத் தொல்லியல் துறை என்று தோண்டியவர்களுக்குத் தாழிக்குள் எலும்புகள் கிடைத்தன. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு முகத்தையே மறுபடி வார்த்துக் காட்டியிருக்கிறார்கள். டென்மார்க்கில் முகம் இருக்கிறது, எலும்பு நைந்திருக்கிறது. இங்கே எலும்பை வைத்து முகத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையின் பொறி

சதுப்புடல்கள் எத்தனை என்பதே தெளிவாக இல்லாதபோது எது பொதுவிதி, எது விலக்கு என்று பேசுவது கடினம். ஆல்ஃப்ரட் டீக் என்ற ஜெர்மானியர் 1,800க்கும் மேல் பட்டியலிட்டார். வதந்தியும் செவிவழிச் செய்தியும் கலந்த பட்டியல் அது என்று பின்னர் நிறுவப்பட்டது. 2023இல் 'ஆன்டிக்விட்டி' இதழில் வந்த விரிவான தொகுப்பு 266 இடங்களிலிருந்து 1,000 பேருக்கும் மேல் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வெறும் எலும்பாக மிஞ்சியவர்கள். தோலோடு முழுமையாகக் கிடைத்தவர்கள் சிறுபான்மை. புகழ் முழுவதும் அவர்களுக்கே.

உடலின் புத்தம்புதுத் தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 1983இல் லிண்டோ சதுப்பில் ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. மனைவியைக் கொன்று அங்கே புதைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டிருந்தவர், அது அவள்தான் என்று நினைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மண்டையோடு 1,700 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஒப்புதலின் பேரில் அவருக்குத் தண்டனையும் கிடைத்தது.

இன்னும் திறந்திருப்பவை

இன்றைய நிலையில் ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கது: முதல் சில வாரங்களில் குளிரும் மூச்சடைப்பும் குடல் கிருமிகளை முந்த வேண்டும், அதன் பிறகு அமிலமும் பாசியின் கசிவும் நீண்டகாலப் பாதுகாப்பைத் தருகின்றன. இந்த இரண்டாம் கட்டத்தில் எந்த மூலக்கூறு எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது முடிவாகவில்லை. அமிலமும் பீனால்களும் நிறைந்த போர்னியோ, சுமத்ராவின் வெக்கைச் சதுப்புகளிலிருந்து டோலுண்ட் மனிதனைப் போன்ற உடல் அறியப்படவில்லை என்பது குளிர்வாதத்துக்கு வலு சேர்க்கிறது. அங்கே முறையான தேடல் நடக்காதவரை அது எதிர்மறைச் சான்று மட்டுமே.

நீலகிரிப் பீட்டைப் பொறுத்தவரை காலம் குறுகிவருகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளில் சீகை மரத்தை நட்டதில் தோல் பதனிடும் பட்டைக்கான தேவைக்குப் பெரும்பங்கு உண்டு. அதே மரங்கள் பரவிப் புல்வெளியின் நீரோட்டத்தை மாற்றுகின்றன. வற்றிய பீட்டுக்குள் காற்று புகுந்தால், ஃப்ரீமன் சொன்ன தாழ்ப்பாள் திறந்து, எஞ்சியவை மட்கத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் சங்கடமான கேள்வி மூளையைப் பற்றியது. 2024இல் ஆக்ஸ்ஃபோர்டின் அலெக்சாண்ட்ரா மார்ட்டன்-ஹேவர்டும் துணைவர்களும் உலகெங்கும் தொல்லியல் பதிவுகளிலிருந்து 4,400க்கும் மேற்பட்ட பாதுகாக்கப்பட்ட மூளைகளைத் தொகுத்தார்கள். அவற்றில் சுமார் 1,300இல் மூளை மட்டுமே மிஞ்சிய மென்திசு. குளிர், வறட்சி, பதனிடுதல், மெழுகாதல் என்ற அறிந்த வழிகளில் எதுவும் அவற்றுக்குப் பொருந்தவில்லை. புரதமும் கொழுப்பும் இரும்பு போன்ற உலோகங்களோடு பிணைந்து நிலைத்திருக்கலாம் என்பது இப்போதைக்கு ஊகம். அது சரியானால், இரும்புச்சத்து மிக்க செம்மண் நாட்டில் தாழிக்குள் இருக்கும் மண்டையோட்டின் உள்மண்ணைத் துலக்கிக் கொட்டிவிடாமல் தனியே எடுத்துச் சோதிப்பது பயன் தரக்கூடும்.